சுழியும் சேணமும்

கரும்பும் ரப்பரும் செம்பனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்ட சிம்பாங் அம்பாட்டு வட்டாரத்துத் தோட்டங்களின் ஓரங்களில், முனீசுவரருக்கும் மதுரை வீரனுக்கும் நம் முன்னோர் எழுப்பிய சிறு சந்நிதிகளின் எதிரே நிற்கும் சுதைக் குதிரைகளைச் சற்று நின்று பார்ப்பவர்க்கு ஒரு விசேஷம் புலப்படும். குதிரையின் எலும்புக் கட்டிலும் தசைத் திரட்சியிலும் அதிகம் மனம் வைக்காத சிற்பி, கடிவாளத்தின் வார், நெற்றிப் பட்டம், மார்ப் பட்டை, சேணத்தின் கரை, அங்கவடி ஆகியவற்றை மட்டும் ஒன்று விடாமல் செதுக்கி வர்ணம் தீட்டியிருப்பார். அவர் அறிந்த குதிரை அலங்காரமே உருவான குதிரை. பாலத்தைக் கடந்தால் பினாங்குத் தீவின் பத்து கந்தோங்கில் நெடுங்காலம் பந்தயம் ஓடிய குதிரையோ, எடை கூடிவிடும் என்று அஞ்சித் தோலையும் துணியையும் இயன்றமட்டும் குறைத்துக் கொண்ட வேறொரு ஜாதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மரபுகளையும், அவை ஒவ்வொன்றும் வகுத்துக்கொண்ட தரங்களையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நாட்டார் குதிரையை எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதை அவர்கள் கொடுத்த விலையைக் கொண்டோ பாடிய பாட்டைக் கொண்டோ அளக்கலாகாது. அதன் முதுகிலும் வாயிலும் என்ன வைத்தார்கள், லாயத்தில் யாரை வைத்தார்கள் என்பவற்றைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவ்வாறு அளக்கும்போது நம்மவர்க்குப் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு.

பாரத தேசத்தின் அசுவ சாஸ்திரம் மிகத் தொன்மையானது. சாலிஹோத்திரர் அதன் ஆதி குருவாகப் போற்றப்படுகிறார். பாண்டவருள் நகுலன் பெயரால் வழங்கும் நூலொன்றைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகம் 1952ஆம் ஆண்டில் வர்ணச் சித்திரங்களுடன் பதிப்பித்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் காம்போஜம், சிந்து, ஆரட்டம், வனாயு ஆகிய தேசங்களின் குதிரைகளை உத்தமம் என்றும், பாஹ்லிகம், சௌவீரம் முதலியவற்றின் குதிரைகளை மத்திமம் என்றும், ஏனையவற்றை அதமம் என்றும் தரம் பிரிக்கிறது. உத்தமக் குதிரையின் நீளம் அதன் முகத்தைப்போல் ஐந்து மடங்கும் உயரம் நான்கு மடங்கும் இருக்க வேண்டும் என்று அளவும் கூறுகிறது. தென்னாட்டுக் குதிரை எதற்கும் அப்பட்டியலில் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் அந்நூல் தீவனத்தின் அளவையும் லாயத்தின் அமைப்பையும், வைத்தியன் பிழையால் நோய் முற்றினால் அவன் கட்ட வேண்டிய தண்டத்தையும் விதித்திருப்பது, இலட்சணத்தோடு நில்லாத ஒரு நிர்வாக புத்தியைக் காட்டுகிறது. பிற்காலத்து நூல்களில் இந்தப் புத்தி முற்றிலும் மறையவில்லை என்றாலும், நிறமும் உரோமச் சுழியும் பெற்ற இடம் மிகப் பெரிது. தேவமணிச் சுழி உள்ள குதிரை வீட்டுக்கு லட்சுமி என்றும், இன்ன இடத்தில் சுழி உள்ள குதிரை எசமானனுக்கு ஆகாது என்றும் சொல்லும் வழக்கம் இன்றும் மாட்டுத் தரகர்களிடம் உயிரோடிருக்கிறது. குளம்பைப் பாராமல் சுழியைப் பார்த்து விலை பேசுவது எத்தகைய விவேகம் என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல் வழியே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை குதிரையை முதலில் வைக்கிறது. சங்க காலத்து வள்ளல்களான காரியும் ஓரியும் தம் பெயரையே தம் குதிரைகளுக்கும் உரியதாக்கிக்கொண்டவர்கள். குதிரையின் நடையை ஐந்து கதி என்றும் பதினெட்டுச் சாரி என்றும் வகுத்துரைத்த மரபும் தமிழில் உண்டு. ஆனால் குதிரையை ஈன வைத்து வளர்த்து இனம் பெருக்கும் மரபு மட்டும் இங்கே வேரூன்றவில்லை. பாண்டியர் காலத்தில் இக்குறை பெருஞ்செலவாக முடிந்தது. ஹார்முஸ், ஏடன் முதலான துறைகளிலிருந்து காயலுக்கு வந்த குதிரைகளைப் பற்றி எழுதும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வரை வந்தன என்றும், ஒவ்வொன்றின் விலையும் 220 பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பணம் தரப்பட்டது என்றும் கூறுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோவின் கூற்று இன்னும் கசப்பானது. மன்னன் ஓராண்டில் வாங்கிய ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறு கூடத் தேறுவதில்லை. லாடம் அடிப்பவனும் வைத்தியனும் இங்கு இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கு வராதபடி குதிரை வணிகரே தடுத்து வந்தனர். குதிரைக்கு இறைச்சி கலந்த சோறு ஊட்டப்பட்டது என்பன அவர் தரும் செய்திகள். அந்நிய யாத்திரிகர் சொல்வதில் மிகை இருக்கலாம். ஆனால் வஸ்ஸாப்பும், வறுத்த தானியத்தையும் நெய்யில் வெந்த உணவையும் பாலையும் ஊட்டிக் குதிரையைக் கெடுத்தார்கள் என்றே எழுதுகிறார். விஜயநகர காலத்திலும் இந்நிலை மாறவில்லை. கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் உயிருள்ள குதிரையின் விலையைச் சாளுவ நரசிம்மர் கொடுத்தார் என்று நூனிஸ் என்ற போர்த்துகீசியர் எழுதிவைத்துள்ளார். வாலுக்கு விலை கொடுத்தவர்கள், குதிரைக்காரனுக்குக் கூலி கொடுக்க யோசித்தார்கள் போலும்.

இந்த வணிகத்தின் நிழல் நம் சமய இலக்கியத்திலும் விழுந்திருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளை வாதவூரர் திருப்பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரைச் சேவகனாய் மதுரைக்கு வந்ததும் தமிழர் எவரும் அறிந்த கதை. பரஞ்சோதி முனிவர் அவ்விடத்தில் குதிரை இலக்கணத்தை விரித்துரைக்கிறார் என்பதையும், கயிறு மாற்றி ஒப்படைத்தபின் நன்மை தீமைக்கு விற்றவர் பொறுப்பல்லர் என்ற சந்தை நியாயம் அக்கதையின் ஆணிவேராக இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. இலட்சணமெல்லாம் பொருந்திய குதிரைகள் இரவில் நரிகளாக மாறினவென்றால், இலட்சணம் பார்த்து வாங்குவதன் வரம்பை இதைவிட நயமாக எவரும் சொல்லியதில்லை.

அராபியர் சுழியைவிட வமிசத்தையே பெரிதும் நம்பினர். குஹைலான், சக்லாவி முதலிய ஐந்து குலங்களின் பெயர்களைத் தாய்வழியாக நினைவில் வைத்துக் காத்தது அவர்கள் முறை. ஆங்கிலேயர் அந்த நினைவை ஏட்டில் ஏற்றினர். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்னும் மூன்று கீழைத் தேசத்து ஆண் குதிரைகளின் வழியில் வந்த ‘தரோபிரெட்’ இனத்துக்கு, 1791ஆம் ஆண்டு முதல் வெதர்பி குடும்பத்தார் வமிசப் பதிவேடு வெளியிட்டு வருகின்றனர். தாயும் தந்தையும் அதில் பதிவு பெறாவிட்டால், எத்தனை வேகமாக ஓடினாலும் அக்குதிரைக்கு அந்த ஜாதிப் பெயர் இல்லை. இது கொடிய நியாயமே எனினும், வாங்குபவனை ஏமாற்றுவதற்கு இடம் குறைந்த நியாயம்.

இந்தியச் சுதேசி இனங்களுள் இராஜஸ்தானத்து மார்வாரியும் சௌராஷ்டிரத்துக் காத்தியவாரியும் காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் அழகால் பிரசித்தி பெற்றவை. மார்வாரியின் ‘ரேவால்’ என்னும் குலுக்கமற்ற நடை, மணலில் நெடுந்தூரம் செல்பவனுக்கு வரப்பிரசாதம். மணிப்புரி மட்டக் குதிரை போலோ ஆட்டத்தை உலகுக்குத் தந்தது. இன்று அதன் எண்ணிக்கை கவலை தருமளவு சுருங்கிவிட்டது. ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா ஆகியவை மலைப் பாதையில் சுமை எடுப்பவை. தமிழ்நாட்டில் 1824இல் ஓசூருக்கு அருகே மத்திகிரியில் கம்பெனியார் பட்டாளத்துக்காகக் குதிரைப் பண்ணை அமைத்தார்கள். அது பிற்காலத்தில் மாட்டுப் பண்ணையாயிற்று. பட்டாளமும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ‘வேலர்’ குதிரைகளையே பெரிதும் நம்பியது. தமிழர் வாழும் நிலத்தில் தானாகப் பெருகி நிற்கும் குதிரைக் கூட்டத்தைக் காண விரும்புபவர் ஈழத்து நெடுந்தீவுக்குச் செல்லலாம். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் விட்டுச் சென்றவற்றின் சந்ததி அங்கே பவளப்பாறைச் சுவர்களுக்கிடையே மேய்கிறது.

இனி உபகரணம். சேணத்தைப் பற்றிச் சாதாரண ஜனங்கள் கொண்டிருக்கும் எண்ணம், அது ஏறுபவனுக்குச் சுகமான ஆசனம் என்பதே. உண்மையில் அது குதிரைக்காக உண்டானது. உள்ளே இருக்கும் சட்டம் பாரத்தை முதுகெலும்பின்மேல் விழ விடாமல் இரு பக்கத்துத் தசைகளின்மேல் பகிர்ந்து வைக்கிறது. சட்டமில்லாத மெத்தைச் சேணம் எத்தனை மிருதுவாயினும் நெடும் பயணத்தில் முதுகைப் புண்ணாக்கிவிடும். அங்கவடியின் கதை இன்னும் ருசிகரமானது. சாஞ்சிச் சிற்பத்தில் பெருவிரலை மட்டும் நுழைக்கும் கயிற்று வளையம் காணப்படுகிறது. இரு பாதங்களையும் முழுதும் தாங்கும் அங்கவடி கி.பி. நான்காம் நூற்றாண்டுச் சீனத்தில் தெளிவாகத் தோன்றுகிறது. திருவரங்கத்துச் சேஷராய மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிய குதிரைகளின்மேல் வேல் ஓங்கும் வீரர்களின் பாதங்கள் அங்கவடியில் ஊன்றியிருப்பதைக் காண்பவர், அந்த ஊன்றுதல் இல்லாவிட்டால் அந்த வேலுக்கு வலுவில்லை என்பதை உடனே உணர்வர். சிம்பாங் அம்பாட்டுச் சுதைச் சிற்பியின் கை அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான்.

அங்கவடி வாரின் நீளத்தைக் கொண்டே சவாரிப் பள்ளிகளைப் பிரித்துவிடலாம். ஸ்பெயின் தேசத்தில் நீண்ட வாரில் காலை நீட்டி அமரும் ‘பிரீதா’ முறையும், மூர் இனத்தாரிடம் கற்ற குறுவாரில் முழங்காலை மடக்கி அமரும் ‘ஹினேத்தா’ முறையும் பக்கம் பக்கமாக வழங்கின. வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளி, 1580இல் தோன்றிய லிப்பிஸா பண்ணையின் வெண்குதிரைகளைக் கொண்டு நெடுவார் முறையை நாட்டியத்துக்கு நிகராக்கிற்று. இத்தாலியப் படை அதிகாரி கப்ரீல்லி, தடை தாண்டும் குதிரையின் முதுகில் பின்சாய்ந்து அமர்வது அதற்குத் துரோகம் என்று கண்டு, வாரைக் குறுக்கி முன்சாயும் ஆசனத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். அமெரிக்கச் சவாரிக்காரர் டாட் ஸ்லோன் 1897இல் இங்கிலாந்துக்குச் சென்று, குரங்கு குந்தியதுபோல் கழுத்தருகே ஒடுங்கி ஓட்டியபோது முதலில் ஏளனமே கிடைத்தது. வெற்றிகள் குவிந்தபின் ஏளனம் செய்தவர்களும் அப்படியே குந்தினார்கள். அந்த ஆசனம் பரவிய பத்தாண்டுகளில் பந்தய நேரம் நூற்றுக்கு 5 முதல் 7 வரை குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது. ஏறியவனின் எடை குறையவில்லை. குதிரையின் ஒவ்வொரு பாய்ச்சலிலும் மேலும் கீழும் அவனைத் தூக்கி இறக்கும் வேலை மட்டும் குதிரைக்கு மிச்சமாயிற்று. இனத்தைச் சீர்திருத்த ஒரு நூற்றாண்டு முயன்று பெறுவதை, ஒரு சாண் வாரைக் குறைத்துப் பெற்றார்கள் என்பது யோசிக்கத்தக்கது.

கடிவாளத்தில் பள்ளிகள் இரண்டே. நடுவில் மூட்டுள்ள இரும்பு, கை இழுத்த அளவுக்கே வாயில் அழுத்தும் எளிய கடிவாளம் ஒன்று. நெம்புகோல் போன்ற தண்டுகளால் அழுத்தத்தைப் பலமடங்காக்கும் கடிவாளம் மற்றொன்று. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே இயற்கை விட்ட வெற்றிடத்தில்தான் இரண்டும் அமர்கின்றன. தேர்ந்த கையில் இரண்டாவதும் கொடியதன்று. தேராத கையில் முதலாவதும் கொடியதே. ஆனால் நம் நாட்டு வண்டிக் குதிரைகளுக்குப் பூட்டப்பட்ட முள் கடிவாளத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 1965ஆம் ஆண்டு விதிகள் இந்தியாவில் அதைத் தடைசெய்தன. கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயை அவை முற்றிலும் காத்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

பினாங்குக்கு வருவோம். மோட்டார் வண்டிக்கு முன் இத்தீவின் வாடகை வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் சுமத்திராவின் பாத்தாக், டெலி மட்டக் குதிரைகள்; உருவத்தில் சிறியன, உழைப்பில் பெரியன. 1864இல் தோன்றிய பினாங்கு குதிரைப் பந்தயச் சங்கம் மெக்காலிஸ்டர் சாலை மைதானத்திலிருந்து 1939இல் பத்து கந்தோங்குக்குப் பெயர்ந்தது. பந்தயத்தில் முன் ஓடாத ‘கிரிபின்’ குதிரைகளை ஆஸ்திரேலியாவிலிருந்து மொத்தமாக வரவழைத்துச் சீட்டுப் போட்டுச் சொந்தக்காரர்களுக்குப் பங்கிடும் வழக்கம் மலாயாப் பந்தயத்தில் இருந்தது. பணமுள்ளவன் சிறந்த குதிரையைத் தட்டிக்கொண்டு போகாதபடி அதிர்ஷ்டத்தை நடுவராக்கிய முறை அது. லாயங்களில் பாவியான் தீவினர், மலாய்க்காரர், வட இந்தியர் ஆகியோருடன் தமிழரும் இருந்தனர். விடியலுக்கு முன் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காலைத் தடவி வெப்பம் பார்த்து, நொண்டலை மருத்துவருக்கு முன்பே கண்டுபிடித்த அந்தச் ‘சைஸ்’களைப் பற்றிப் பந்தயப் பட்டியல்கள் ஒரு வரியும் எழுதவில்லை. குதிரை காக்கத் தெரியாதவர் என்று மார்க்கோ போலோ எழுதிய மக்களின் வழிவந்தவர்கள், அவர் இல்லை என்ற அதே வித்தையால் ஜீவனம் நடத்தினார்கள்.

சிங்கப்பூரில் 1842இல் தோன்றிய சங்கம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயத்தை நடத்திற்று. பினாங்குச் சங்கமும் 2025இல் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. ஓய்வு பெற்ற பந்தயக் குதிரையைச் சாதாரணச் சவாரிக்குப் பழக்க விரும்புவோர் இப்போது அதிகமாகலாம். அவர்கள் அறிய வேண்டியவை சில உண்டு. கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் நிற்க வேண்டும் என்பது மற்றக் குதிரைகளின் பாடம். இக்குதிரை அதற்குச் சாய்ந்து வேகமெடுக்கக் கற்றது. ஆகையால் முதல் சில மாதங்கள் எளிய கடிவாளமும் தளர்ந்த வாரும் நடையுமே போதும். பந்தயச் சேணம் ஒரு கிலோவுக்கும் குறைவு. சவாரிச் சேணமோ அதைப்போல் பல மடங்கு. தீவனம் மாறி ஓட்டம் குறைந்ததும் முதுகுத் தசையின் வடிவமே மாறிவிடுகிறது. முதலில் பொருந்திய சேணம் ஆறு மாதத்தில் கடிக்கும். ஏறி அமர்ந்தபின் தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் தடையின்றி நுழைகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, நுழையாவிட்டால் அன்றைக்குச் சேணத்தை இறக்கிவிட வேண்டும்.