பலகை புதிது, பேனா பழையது

ஒரு காலத்தில் ஆரம்பப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பையில் ஒரு சிலேட்டும் ஒரு பலப்பமும் இருந்தன. சிலேட்டு கீழே விழுந்து உடைந்தால் வீட்டில் ஏச்சு கிடைக்கும். இரண்டொரு நாளில் புதுச் சிலேட்டும் கிடைக்கும். பலப்பத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். பழைய பலப்பம் புதுச் சிலேட்டில் எழுதும். பக்கத்து வீட்டுப் பையனின் சிலேட்டிலும் எழுதும். இதை ஒரு பெரிய வசதி என்று அன்று எவரும் நினைத்ததில்லை.

கடைகளில் டேப்லெட் என்று சொல்லப்படும் பலகைக் கணினியை இன்று கல்லூரி மாணவர் பலர் அந்தச் சிலேட்டின் இடத்தில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். பாடக் குறிப்பு எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள், கணக்குப் போடுகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அது மெதுவாகிவிட்டது என்றோ, மின்கலம் தளர்ந்துவிட்டது என்றோ புதிய பலகை வாங்கப் போகிறார்கள். பழைய பேனா நன்றாகத்தானே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களும் எண்ணியிருக்கலாம். கடைக்குப் போன பிறகுதான் அது புதிய பலகையில் ஒரு கோடுகூடப் போடாது என்பது தெரியவரும்.

புதிய பலகைகளைப் பற்றி எழுதுவோர் திரையின் ஒளி, செயலியின் வேகம், கேமராவின் தரம் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக அலசுகிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள துணைக்கருவிகள் அதனோடு சேருமா என்பது பெரும்பாலும் கடைசி வரியில்தான் வரும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடையும் அதன் பேனாவையும் எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது அதுதான். அதன் மாற்றங்கள் அனைத்தும் ஆண்டுவாரியாக எல்லோருக்கும் தெரிந்தவை.

2015-ஆம் ஆண்டு நவம்பரில் ஐபேட் புரோ என்ற பலகையுடன் முதல் ஆப்பிள் பென்சில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 99 டாலர். அதன் வால்முனையில் இருந்த மூடியைக் கழற்றினால் லைட்னிங் எனப்படும் சிறு செருகி தெரியும். அதைப் பலகையின் அடிப்புறத் துளையில் செருகினால் பேனாவுக்கு மின்னேற்றம் நடக்கும். ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமுள்ள பேனா பலகையிலிருந்து ஈட்டிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும் காட்சி அழகாகவும் இல்லை, பாதுகாப்பாகவும் இல்லை. கை பட்டால் ஒடியுமோ என்ற அச்சம் நியாயமானதே.

2018-இல் இரண்டாவது பேனா வந்தது. விலை 129 டாலர். இதற்குச் செருகி கிடையாது. பலகையின் நீண்ட விளிம்பில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்திலேயே மின்காந்தத் தூண்டல் மூலம் மின்னேற்றமும் நடக்கும். பள்ளியில் மின்மாற்றியைப் படித்தபோது அறிந்த அதே தத்துவம்தான்: ஒரு கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்தால், அருகிலுள்ள மற்றொரு சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். பேனாவும் பலகையும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்வதும் இந்த ஒட்டுதலின்போதுதான். இது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பு. ஆனால் முதல் பேனா புதிய பலகையில் வேலை செய்யவில்லை. இரண்டாம் பேனா பழைய பலகையில் வேலை செய்யவில்லை.

விசித்திரம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2022 அக்டோபரில் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் லைட்னிங் துளை நீக்கப்பட்டு யுஎஸ்பி-சி துளை வைக்கப்பட்டது. முன்புறக் கேமராவும் குறுகிய விளிம்பிலிருந்து நீண்ட விளிம்புக்கு மாற்றப்பட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம். பலகையைக் கிடையாக நிறுத்திவைத்துப் பேசும்போது, பேசுபவரின் பார்வை எங்கோ ஓரத்தில் இருப்பதுபோல் தோன்றும் குறை நீங்கியது. அப்படியானால் எந்தப் பேனா? காந்தத்தில் ஒட்டும் இரண்டாம் பேனாவுக்கு இதில் இடமில்லை. லைட்னிங் செருகி கொண்ட முதல் பேனாவைத்தான் இது ஏற்றது. ஆனால் அந்தச் செருகி நுழையும் துளை பலகையில் இல்லை! ஆகவே பேனாவின் வாலில் ஓர் இடையிணைப்பு, அந்த இணைப்பின் மறுமுனையில் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனை பலகையில் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். பேனாவை ஏற்கெனவே வைத்திருந்தவர் அந்த இடையிணைப்பை 9 டாலருக்குத் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பேனாவின் எழுதும் திறனில் எந்தக் குறையும் இல்லை. பேனா எழுதுவது ஒரு வேலை. அதற்கு மின்னேற்றுவது வேறொரு வேலை. எழுத்து தொடர்ந்தது, மின்னேற்றும் வாய் மட்டும் மாறிப்போனது. பயனுள்ள ஒரு கருவி பயனற்றுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். முக்கியமான உறுப்பு கெட்டு அல்ல, பக்கத்து உறுப்பு பொருந்தாமல்.

2024-இல் வந்த ஐபேட் புரோ, ஐபேட் ஏர் பலகைகளிலும் கேமரா நீண்ட விளிம்புக்கு வந்தது. பேனா ஒட்டும் இடமும் அந்த விளிம்பே. உள்ளே காந்தங்களும் சுருள்களும் வேறு வகையில் அமைக்கப்பட்டன. பென்சில் புரோ என்ற புதிய பேனா வந்தது. 129 டாலர் கொடுத்து வாங்கிய இரண்டாம் பேனா வெளியே நின்றது. இடம் போதவில்லை என்ற சமாதானத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வந்த சிறிய ஐபேட் மினியில் கேமரா பழைய இடத்திலேயே, குறுகிய விளிம்பிலேயே இருந்தது. அதுவும் இரண்டாம் பேனாவை ஏற்கவில்லை. கேமராவைக் காட்டிச் சொல்லும் சமாதானம் இங்கே செல்லாது.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அதற்கு ஒரு நியாயம் தெரிகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒன்பது ஆண்டுகளில் நான்கு பேனாக்கள். எது எதனோடு சேரும் என்பதற்கு ஓர் அட்டவணை. அட்டவணையைப் பார்க்காமல் பேனா வாங்க முடியாது என்ற நிலையை நான் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

2023-இல் வந்த நான்காவது வகையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. யுஎஸ்பி-சி துளையுள்ள ஐபேட் அனைத்திலும் எழுதும் பேனா அது. விலையும் 79 டாலர்தான். கம்பியைச் செருகி மின்னேற்ற வேண்டும். நான் மேலே கேட்ட பொருத்தம் இதில் இருக்கிறது. ஆனால் கையின் அழுத்தத்தை உணரும் திறன் இதில் இல்லை; 2015-இன் பேனாவில் இருந்த அந்தத் திறனை நீக்கிவிட்டுத்தான் இதைக் கொடுத்தார்கள். கணக்கும் குறிப்பும் எழுதுபவருக்கு அதனால் நட்டமில்லை. அழுத்தினால் தடித்தும் தளர்த்தினால் மெலிந்தும் கோடு வரவேண்டும் என்று கேட்கும் ஓவிய மாணவருக்கு இது உதவாது.

வேறு வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது; அது பழைய வழியுங்கூட. 1983-இல் தொடங்கப்பட்ட வாகம் என்ற ஜப்பானிய நிறுவனம் மின்கலமே இல்லாத பேனாவைப் புகழ்பெறச் செய்தது. திரைக்குப் பின்னால் கம்பிச்சுருள்களின் வலை ஒன்று இருக்கும். அது மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் ஒரு சிறு சுருளும் ஒரு மின்தேக்கியும் உள்ளன. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அவை ஒத்ததிர்ந்து, பெற்ற ஆற்றலையே சமிக்ஞையாகத் திருப்பி அனுப்பும். எந்தச் சுருளில் அது வலுவாகக் கேட்கிறது என்பதைக் கொண்டு பேனாமுனை எங்கே இருக்கிறது என்று பலகை அறிகிறது. முனையை அழுத்தும்போது ஒத்ததிர்வு சற்று மாறும். அதைக் கொண்டு அழுத்தத்தையும் அறிகிறது. கோயில் மணியை அடித்துவிட்டு அதன் ரீங்காரத்தைக் கேட்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி டேப் எஸ் வரிசைப் பலகைகளில் வரும் எஸ் பேனா இந்த முறையில்தான் எழுதுகிறது. சில பேனாக்களில் தொலைவிலிருந்து கட்டளையிடுவதற்கென்று ஒரு சிறு மின்கலம் வைத்தார்கள். அது தீர்ந்தாலும் எழுத்து நிற்பதில்லை. 2020-இல் வந்த எஸ்6 லைட் பலகையின் பேனாவில் மின்கலமே கிடையாது. அது பெட்டியோடு சேர்ந்தே வந்தது. மின்னேற்றும் தேவை இல்லாததால், துளை மாறினாலும் காந்தம் இடம்பெயர்ந்தாலும் எழுதுவதற்குத் தடையில்லை. பலப்பத்துக்கு மிக அருகில் நிற்பது இதுதான். அங்கேயும் விதிவிலக்கு உண்டு. 2021-இல் வந்த மடக்குத் தொலைபேசிக்கென்று செய்த எஸ் பேனா வேறு அதிர்வெண்ணில் இயங்குவதால் பலகையில் எழுதாது.

விசைப்பலகைக்கு வருவோம். இதில் பணம் பேனாவைவிட வேகமாகக் கரையும். மேலே சொன்ன பத்தாம் தலைமுறை ஐபேட் வெளியானபோது விலை 449 டாலர். அதற்கென்று செய்த விசைப்பலகை உறை 249 டாலர். 99 டாலர் பேனாவையும் சேர்த்தால் மொத்தம் 797. அதாவது பலகையின் விலையில் முக்கால் பங்குக்கும் மேலாகத் துணைக்கருவிகளுக்கே போகிறது. அந்த உறை பலகையின் மூன்று உலோகப் புள்ளிகளைத் தொட்டு இயங்குவது. அளவும் புள்ளிகளின் இடமும் அந்தப் பலகைக்கென்றே அமைந்தவை. அடுத்த முறை வேறு அமைப்புள்ள பலகை வாங்கினால் 249 டாலர் உறை மேசை இழுப்பறைக்குள் போகும். புளூடூத் விசைப்பலகை ஒன்று அப்படியல்ல. அது வானொலி அலையால் பேசுவது. எந்த நிறுவனத்தின் பலகையானாலும், தொலைபேசியானாலும், வீட்டுக் கணினியானாலும் சேரும். எடை கொஞ்சம் கூடலாம், தனியாக மின்னேற்ற வேண்டும், மடியில் வைத்துத் தட்டுவது சிரமம். இந்த மூன்று குறைகளுக்காக அத்தனை பணத்தைக் கூடுதலாகக் கொடுப்பது மாணவர்க்குத் தகுமா என்பதை உங்கள் கணக்கே சொல்லும். தமிழில் தட்டுவோர் விசைகளில் தமிழ் எழுத்து இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், விரல்கள் சில நாளில் பழகிவிடும்.

மின்னேற்றியைப் பற்றி ஒரு தவறான அச்சம் பரவியிருக்கிறது. மடிக்கணினியின் 65 வாட் மின்னேற்றியில் 20 வாட் பலகையைச் செருகினால் பலகை எரிந்துபோகும் என்கிறார்கள். யுஎஸ்பி-சி முறையில் இரண்டு கருவிகளும் முதலில் பேசி ஒத்துக்கொண்ட பிறகே மின்னழுத்தம் கூடும். ஏரி பெரிதாக இருப்பதால் குடம் உடைந்துவிடாது. குடம் கொள்ளும் நீரைத்தான் அது மொள்ளும். தரமான மின்னேற்றி ஒன்று வீட்டில் இருந்தால் இன்னொன்று வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் தொலைபேசிகளுக்கும் பலகைகளுக்கும் யுஎஸ்பி-சி துளையைக் கட்டாயமாக்கியது. தனியார் மனமுவந்து செய்யாததைச் சட்டம் செய்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

ஆனால் துளையின் வடிவம் ஒன்று என்பதால் திறனும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. பத்தாம் தலைமுறை ஐபேடின் துளை நொடிக்கு 480 மெகாபிட் வேகம் கொண்டது. 2021-இன் ஐபேட் புரோவின் துளை நொடிக்கு 40 கிகாபிட். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. 10 கிகாபைட் கோப்பை மாற்றினால் கணக்குப்படி முதலாவதற்கு ஏறத்தாழ 167 நொடி, இரண்டாவதற்கு 2 நொடி. நடைமுறையில் இரண்டுமே இதைவிட அதிகம் பிடிக்கும். விலையுயர்ந்த வேகக் கம்பியை முதற்பலகைக்கு வாங்குவது மாட்டுவண்டிக்கு விமானச் சக்கரம் பூட்டுவது.

மின்சேமிப்புப் பெட்டியிலும் இதேபோன்ற மயக்கம் உண்டு. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அட்டையில் அச்சிட்டிருப்பது உள்ளே உள்ள மின்கலத்தின் 3.7 வோல்ட் கணக்கில். பெருக்கினால் 37 வாட்-மணி வரும். பத்தாம் தலைமுறை ஐபேடின் மின்கலம் 28.6 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றும்போது வெப்பமாக வீணாவது போக, ஒரு முறை நிரப்பலாம். தொலைபேசியை இரண்டு மூன்று தடவை நிரப்பும் பெட்டி பலகையிடம் ஒரே தடவையில் களைத்துப்போவது இதனால்தான். ஆம்பியர்-மணியை விட்டு வாட்-மணியைக் கேளுங்கள்.

உறை, கண்ணாடிக் காப்பு இவற்றில் சொல்ல அதிகமில்லை. மலிவானதே போதும். காகிதம்போல் சொரசொரப்பான காப்புத்தாள் எழுதச் சுகமாக இருக்கும். பேனாமுனையைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்பதை மட்டும் தெரிந்து வாங்குங்கள்.

இனிக் கடைக்குப் போகும்போது பழைய பேனா, விசைப்பலகை, கம்பி அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள காட்சிப் பலகையில் அவற்றை இணைத்து எழுதிப் பார்க்கக் கேளுங்கள். சேராதவற்றின் விலையைப் புதிய பலகையின் விலையோடு கூட்டுங்கள். பல சமயம் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குக்குப் பழைய பலகையின் மின்கலத்தையே மாற்றிவிடலாம் என்பது தெரியவரும்; விற்பவர் அதை முதலில் சொல்லமாட்டார்.

அப்படியும் புதியதையே வாங்கிவிட்டீர்கள், பழைய பலகை தம்பிக்கோ தங்கைக்கோ போகிறது என்றால், பழைய பேனாவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். என்றாவது உதவும் என்று இழுப்பறையில் வைத்தால் அதனுள் இருக்கும் லித்தியம் மின்கலம் தானாகவே மெல்ல மெல்ல வடிந்து, ஓர் எல்லைக்குக் கீழே போனபின் மின்னேற்றத்தை ஏற்காது. ஒட்டி மூடிய பேனாவைத் திறந்து மின்கலம் மாற்றுவது வீட்டில் நடக்கிற காரியமல்ல.