பார்க்கும் பிள்ளையும் செய்யும் பிள்ளையும்

தமிழக அரசுப் பள்ளிகளில் கருவிகள் இல்லை என்று இனி யாரும் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சாகி வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதையொட்டி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,000க்கும் மேற்பட்ட ஹைடெக் லேப்கள். 2023இல் பாடக் காணொலிகளுக்கான மணற்கேணி செயலி. 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகள். ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி. ஆட்சிகள் மாறினாலும் பள்ளிக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும் முயற்சி நிற்கவில்லை. இதை முதலில் மனமாரப் பாராட்டிவிட வேண்டும்.

பாராட்டிய கையோடு ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனை திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பிள்ளை என்ன செய்கிறது? பெரும்பாலான நேரம் பார்க்கிறது. பாடம் கரும்பலகையிலிருந்து திரைக்கு மாறியிருக்கிறது. பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடமும் அதன் வேலையும் மாறவில்லை. பள்ளித் தொழில்நுட்பத்தின் நிறைகளையும் குறைகளையும் எடைபோட எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதுமென்று தோன்றுகிறது.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திரை காட்டினால்தான் பாடம் ஏறும்’ என்று பலரும் சொல்கிறார்கள். இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட ‘ஏசர்’ ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்தவர்களில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்பு சம்பந்தமாக எதற்காவது அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76 விழுக்காடு. திரை இவர்களுக்குப் புதுமையே இல்லை. ஒரு ரீல்ஸ் பிடிக்காவிட்டால் இரண்டு நொடியில் தள்ளிவிட்டுப் போகப் பழகிய விரல்கள் இவை. அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, தள்ளிவிட முடியாத பதினைந்து நிமிடக் காணொலி ஒன்றைப் போட்டால் அது ஈர்ப்பாகிவிடாது. சமூக ஊடகத்தோடு அதன் ஆடுகளத்திலேயே போட்டியிட்டுப் பள்ளிக்கூடம் ஒருநாளும் ஜெயிக்காது. ஜெயிக்கவும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. ‘இணையத்தோடு பிறந்த தலைமுறை’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் வீட்டுக்கு வரும். வந்த பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் கிடைக்கும் நேரம் அக்காவுக்குக் கிடைக்காது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மாலை நாலரைக்குப் போடும் வீட்டுப்பாடம் இந்தப் பெண்ணுக்கு இரவு ஒன்பது மணிக்குத்தான் தெரியவரும்.

க்யூஆர் கோட்டின் கதையும் இதுதான். நல்ல யோசனை, செலவு குறைவு, நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஆனால் பள்ளிக்கு மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பதும் நம் பள்ளிகளின் விதி. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். எனில், புத்தகம் கையில் இருக்கும் பாடவேளையில் அந்தக் கறுப்புச் சதுரத்தை எதைக்கொண்டு ஸ்கேன் செய்வது? ஆசிரியரின் சொந்த போனையும் அவர் சொந்தக் காசில் போட்ட டேட்டாவையும் நம்பித்தான் அந்தச் சதுரம் பல ஆண்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தது.

அதே பாடநூலில் பலரும் புரட்டிவிட்டுப் போகும் ஒரு பகுதி இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம். படி 1, படி 2 என்று குறிப்புகள். கீழே ஒரு உரலி. பெரும்பாலும் அது ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளுக்குக் கூட்டிப்போகும். என் மதிப்பீட்டில், இத்தனை ஆண்டுகளில் நம் பள்ளிக்கல்வி செய்த தொழில்நுட்ப வேலைகளில் மிகச் சிறந்தது இந்தக் கட்டம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம் வருகிறது. கரும்பலகையில் ஆசிரியர் ஒரு முக்கோணம் வரைவார், பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடு போடுவார், அவை வெட்டும் புள்ளியைக் காட்டுவார். முக்கோணம் விரிகோணமாக இருந்தால் அந்தப் புள்ளி வெளியே போகும், செங்கோணமானால் கர்ணத்தின் நடுவில் உட்காரும் என்று சொல்லுவார். பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். ஜியோஜீப்ராவில் அதே முக்கோணத்தின் ஒரு முனையைப் பிள்ளையே மவுஸால் பிடித்து இழுக்கிறது. உள்ளே இருந்த மையப்புள்ளி மெல்ல நகர்ந்து பக்கத்தைத் தொடுகிறது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் வெளியே குதிக்கிறது. தொட்ட நேரத்தில் எதிரே இருந்த கோணம் எத்தனை என்று பார்த்தால் 90. இழுக்கும் முன்பு, ‘புள்ளி எங்கே போகும், முதலில் நோட்டில் எழுது’ என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஊகம் தப்பானவன் இன்னொரு தரம் இழுப்பான். பக்கத்தில் இருப்பவள், ‘கீழ்ப்பக்கமா இழுடா’ என்பாள். இந்த மாதிரி ஒரு பாடவேளையில் யாரையும் அமைதியாக இருக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அந்தப் பிள்ளைக்கு அங்கே தப்பு செய்யும் உரிமை இருக்கிறது. காணொலி அந்த உரிமையைத் தருவதில்லை.

காணொலியை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. இதயத்தின் நான்கு அறைகளில் ரத்தம் ஓடும் விதத்தை, கிரகணத்தை, ஒரு செல் இரண்டாகப் பிரிவதைச் சாக்பீஸால் காட்டிவிட முடியாது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கும் தொடக்கப் பள்ளியில், ஒரு வகுப்பு காணொலி பார்க்கும் நேரத்தில் இன்னொரு வகுப்புக்குப் பாடம் நடத்த முடிகிறது என்றால் அதுவும் உதவிதான். கொரோனா காலத்தில் ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்குள்ளும் கேபிள் வழியாகப் பாடம் போனது கல்வித் தொலைக்காட்சியால்தான்.

ஆனால் அந்தக் காலத்தின் முடிவு என்ன சொன்னது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளிகள் மூடிக்கிடந்த 18 மாதங்களில் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகள் எவ்வளவு இழந்தார்கள் என்று அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்கள். தொலைக்காட்சிப் பாடமும் வாட்ஸ்அப் பாடமும் இருந்தும் கணக்கிலும் மொழியிலும் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. பள்ளி திறந்து ஆறே மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாலை நேரத்தில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். பிள்ளை எழுதியதைக் குனிந்து பார்க்க ஒரு மனுஷி இருந்தார்.

குனிந்து பார்க்கும் வேலையைக் கணினியாலும் ஓரளவு செய்ய முடியும். டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைப் பற்றி முரளிதரன், சிங், கனிமியான் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பள்ளி முடிந்த பின் 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாக ஆசிரியரோடு. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நான்கரை வகுப்பாக அகன்றிருந்தது. மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பு நிலையில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கேள்வி கேட்டது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியரால் நாற்பது நிலைகளுக்குத் தனித்தனியாகக் கேள்வி தயாரிக்க முடியாது, கணினியால் முடியும். தொழில்நுட்பத்தின் தனிப் பலம் இங்கேதான் இருக்கிறது. நம் ஸ்மார்ட் வகுப்பறையோ ஒரே காணொலியை நாற்பது பேருக்கும் ஒரே வேகத்தில் காட்டுகிறது.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மீதி தானாக நடக்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. பெரு நாட்டில் ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தபோது, கணக்கு, மொழித் தேர்வுகளில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். நம் மடிக்கணினித் திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. கல்லூரிக்குப் போனபோது அது பிள்ளைகளுக்குப் பெரிய துணை. அந்தச் சமூக நியாயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பொதுத்தேர்வு நெருக்கும் பிளஸ் டூ பாடவேளைக்குள் அதற்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

கருவியோடு ஒரு மனிதரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கல்வி ஆய்வாளர்கள் சுகதா மித்ராவும் ரிது தங்வாலும் காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்தில் செய்த சோதனை 2010இல் வெளியானது. தமிழ் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தைத் தெருவோரக் கணினியில் தாங்களாகவே கற்றார்கள். ஏறத்தாழ ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து தேர்வில் 30 விழுக்காடு வரை வந்தார்கள். பிறகு அந்த ஊரில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. ‘அட, இது எப்படிக் கண்டுபிடிச்சே? அடுத்து என்ன?’ என்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50ஐத் தொட்டது. சிறிய குழுவில் நடந்த சோதனை. இதை வைத்து ஆசிரியரே வேண்டாம் என்று சொல்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். பாடம் தெரியாத ஒருவர் அக்கறையோடு பின்னால் நின்றதற்கே அவ்வளவு பலன் என்றால், பாடம் தெரிந்த ஆசிரியர் நின்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் இதில் நாம் யோசிக்க வேண்டியது.

அந்த ஆசிரியர் எங்கே இருக்கிறார்? ‘எமிஸ்’ என்ற பள்ளிக்கல்வித் தகவல் தளத்தில் எதையாவது ஏற்றிக்கொண்டிருக்கிறார். வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, பயிற்சிப் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு. இந்தச் சுமையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கின்றன. தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. டெல்லி ஆய்வு சொன்னதும் கிட்டத்தட்ட அதுவே, அருமையான அடிப்படை. ஆனால் அந்த நிலையைச் செயலியில் ஏற்றுவதற்கே பாடவேளை போய்விட்டால் அரும்பு அரும்பாகவே இருக்கும். தகவல் கீழிருந்து மேலே போகிறது. மேலே போனது, ‘உன் வகுப்பில் இந்த ஆறு பேருக்குக் கடன்வாங்கிக் கழித்தல் வரவில்லை’ என்று மறுநாள் காலை அதே ஆசிரியரிடம் திரும்பி வர வேண்டும். அப்படி வராத தகவல் நிர்வாகத்துக்கு உதவலாம், கற்பித்தலுக்கு உதவாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு விஷயம் இன்னும் அவசரமாகிவிட்டது. ‘மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரை எழுதி வா’ என்றால் சாட்ஜிபிடி அரை நிமிடத்தில் எழுதித் தரும். தடை போட்டுப் பயனில்லை, கேள்வியை மாற்ற வேண்டும். ‘உங்கள் தெருவில் மூன்று வீட்டு மாடியில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது? வீட்டுக்காரரிடம் பேசிக் குரலைப் பதிவுசெய்து வா’ என்றால் எந்த இயந்திரமும் எழுதித் தராது. பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, தலைப்புப் போடுவது எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கைவந்த வேலைகள். அந்தத் திறமையைப் பள்ளி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம். ஊர் ஏரியைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் நான்கு வரிதான் இருக்கிறது என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆதாரம் தேடி, ஆசிரியர் பார்த்துத் திருத்தி, ஐந்தாவது வரியைச் சேர்க்கட்டும். எந்தத் தகவலையும் ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் வரும். வாட்ஸ்அப் வதந்திகளின் காலத்தில் அதைவிடப் பெரிய கல்வி எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டாம். ஹைடெக் லேப் ஆன்லைன் தேர்வுகளுக்கும் பயிற்சிக் கூட்டங்களுக்கும் மட்டும் திறக்கும் அறையாகச் சுருங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பாடவேளை கால அட்டவணையிலேயே எழுதிவைக்கட்டும். கணினிக்கு இருவராக உட்காரட்டும், மவுஸ் பாதி நேரம் பெண்பிள்ளை கையில் இருக்கட்டும். பதிவேற்றும் வேலையை ஆசிரியரிடமிருந்து முழுதாக எடுத்துவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது, பள்ளியில் எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்காதீர்கள். போன மாதம் என் பிள்ளை எத்தனை முறை கணினி முன் உட்கார்ந்தது, என்ன செய்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.