சவரக்கத்தியின் கல்

சவரக்கத்தி தீட்டும் கல், நடுவிலேயே அதிகம் உராய்ந்து குழியும். குழிந்த கல்லில் கத்தியின் வாய் சீராகப் படியாது. தடித்த கண்ணாடியில் 220 அல்லது 400 இலக்க நீர்ச் சாண்ட்பேப்பரை விரித்து, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்க்கவேண்டும். அழியாமல் நிற்கும் கோடுகளே பள்ளத்தைக் காட்டும். கடைசிக் கோடும் போகும்வரை பொறுமை தேவை. எவ்வளவு நேர்மையான சோதனை! பின்னர் ஓரங்களை மழுக்கி, ஒட்டிய துகள்களை நன்றாகக் கழுவவேண்டும்.

கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் ஈரக்கல்லைப் பெட்டிக்குள் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் உலர்த்துவதே நல்லது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை சலூன்களில் இப்போது புழங்குவது பிளேட் மாற்றும் கத்தி. தொற்றைத் தடுக்க அதுவே சரி. கல் வேண்டியது, சொந்தக் கத்தி வைத்திருப்போருக்கு.