எழுத்தும் விளக்கமும்: செய்நிரல் எழுதும் துணைக்கருவிகள் பற்றிய ஒரு நோக்கு

மனித உழைப்பின் ஒரு பகுதியைப் புதிய கருவியொன்று ஏற்கும்போதெல்லாம், அது எதைச் செய்கின்றது என்பதோடு எதைச் செய்யாது விடுகின்றது என்பதும் வினாவப்படல் வேண்டும். 2022இல் பொதுப் பாவனைக்கு வந்த கிற்ஹப் கோபைலற் முதலாய செயற்கை நுண்ணறிவுத் துணைக்கருவிகள், மேகக் கணிமைப் பொறியியலாளரின் அன்றாட வேலையில் இன்று இடம்பெற்றுவிட்டன. இவற்றின் பயனை மறுத்தல் பொருந்தாது. சேவையகங்களையும் வலையமைப்புகளையும் விவரிக்கும் நீண்ட கோப்புகளை இவை விரைந்து எழுதித் தருகின்றன; பழக்கமற்ற பிழைச்செய்திகளை விளக்குகின்றன. ஆயின், அவ்வேலையின் சாரம் எழுதுதல்தானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

டென்மார்க்கின் கணினியறிஞர் பீற்றர் நவுர் 1985இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், செய்நிரலாக்கத்தின் முதன்மையான விளைபொருள் எழுதப்பட்ட நிரலன்று, அதனை ஆக்கியோர் உள்ளத்தில் உருவாகும் விளக்கமே என வாதிட்டார். அவ்விளக்கமுடையோர் கலைந்து போயின் நிரலும் உயிரற்றதாகும் என்பது அவர் கருத்து. பிரதியையும் அதன் பொருளையும் வேறுபடுத்தி நோக்கப் பழகிய கலைப்பீட மாணவர்க்கு இக்கருத்து அந்நியமானதன்று.

இதன் உண்மையை நிகழ்ச்சியொன்று உணர்த்தும். 2017 பெப்ரவரி 28இல், அமேசன் நிறுவனத்தின் வட வேர்ஜீனியாச் சேமிப்புச் சேவை நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பாதிக்கப்பட்டது. சில சேவையகங்களை நீக்குதற்கென இட்ட கட்டளையில் ஓர் உள்ளீடு தவறியமையால், எண்ணியதிலும் மிகுதியானவை நீங்கின. நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தின்படி, பாதிப்புற்ற உபதொகுதிகள் அதன் பெரும் பிராந்தியங்களில் பல்லாண்டுகளாக முழுமையாக மீள இயக்கப்பட்டிருக்கவில்லை. கட்டளையை எழுதுதல் ஒரு கணப்பொழுதின் வேலை. எது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதை அறிதலோ ஆண்டுகளின் உழைப்பு.

டெராபோர்ம் கருவியிலும் இதுவே நிலை. தரவுத்தளமொன்றின் சில பண்புகளை மாற்றும் ஒருவரித் திருத்தம், இருப்பதை அழித்துப் புதியதை ஆக்குமாறு செய்யக்கூடும். மாற்றத்தை நிறைவேற்றுமுன் கருவி அதனைத் தன் திட்டத்தில் காட்டும். ஆயின், அவ்வரியைத் தாம் எழுதாத ஒருவர், இலக்கணப் பிழையின்மையையே சரியெனக் கொண்டு ஒப்புதலளிக்கும்போது, அவ்வெச்சரிக்கை வாசிக்கப்படாத எழுத்தாகவே எஞ்சும்.

இங்கு உண்மையில் பணயம் வைக்கப்படுவது புதிதாகத் தொழிலுக்கு வருவோரின் பயிற்சியாகும். சிறுபிழைகளோடு மல்லாடியே முன்னையோர் அவ்விளக்கத்தை ஈட்டினர். அம்மல்லாட்டத்தைக் கருவி ஏற்குமாயின், எழுதப்பட்டதை ஐயுற்று மதிப்பிடவல்ல அடுத்த தலைமுறை எங்கிருந்து தோன்றும்? முன்னையோர் ஈட்டிய அறிவைச் செலவிட்டுவிட்டு, அதனைப் புதுப்பிக்காதிருத்தலை முன்னேற்றம் எனல் தகாது.

எனவே, கருவியை விலக்குதல் தீர்வன்று. அது எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காரணங் கூறவல்லவரே அதனை நடைமுறைப்படுத்தலாம் என்ற நியதியும், இளையோர் தாமே எழுதிப் பழகுதற்கான அவகாசமும் வேண்டப்படுகின்றன. எழுத்தைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.