நற்சான்று கேட்கும் அமைதி

மனிதநேயச் சேவைக்கும் அமைதிப் பணிக்கும் என்று அறிவிக்கப்படும் மாணவர் உதவித்தொகைகளின் விண்ணப்பப் படிவங்களை நான் தேடிப் படிக்கிறேன். மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் பணத்தில் சிக்கல் குறைவு. எண் இருக்கிறது, வரிசை இருக்கிறது. அமைதிக்குப் பணம் கொடுப்பவர்களோ எது அமைதி, எது சேவை என்று முதலில் முடிவுசெய்தாக வேண்டும். அந்த முடிவை அறிவிப்பின் அழகான வாக்கியங்களில் பார்க்க முடியாது. படிவத்தின் கட்டங்களில் பார்க்கலாம்.

இந்த வகையில் உலகளவில் அறியப்பட்டது ரோட்டரியின் அமைதி உதவித்தொகை. 2002 முதல் நடக்கிறது. ஸ்வீடனில் உப்சாலா, இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட், உகாண்டாவில் மக்கரேரே எனப் பல பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, போக வர விமானச் செலவு எல்லாம் கிடைக்கும். தாராளமான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. முதுகலைக்கு விண்ணப்பிக்க ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும்; துறை சார்ந்த முழுநேரப் பணி அனுபவம் 3 ஆண்டுகள் வேண்டும். கூட வரும் பிள்ளைகளுக்கான செலவு கணக்கில் வராது. 1905-ல் தொடங்கிய இந்த இயக்கம் பெண்களை உறுப்பினராக்கியது 1980-களின் கடைசியில். கலிஃபோர்னியாவின் டுவார்டே நகரக் கிளை பெண்களைச் சேர்த்ததற்காக அதை விலக்கிவைத்து, வழக்கை அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை கொண்டுபோய், 1987-ல் தோற்ற பிறகு. பழைய கதையைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. 'முழுநேரம்' என்ற சொல் எந்த மாதிரி வாழ்க்கையை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும் என்று யோசிப்பதற்காகச் சொல்கிறேன். வீட்டையும் ஊரையும் ஒன்றாகச் சுமக்கிற பெண்ணுக்கு எது முழுநேரம், எது பகுதிநேரம்?

உள்ளூரில் கிடைக்கும் சிறிய உதவித்தொகைகளும் இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. அப்படி ஒன்றுக்காக ஒரு மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவள் ஊரில் திருவிழாவில் வந்த சாதித் தகராறுக்குப் பிறகு இரண்டு தெருக்களும் பேச்சை நிறுத்திவிட்டன. பிள்ளைகள் பஸ் ஏற அடுத்த தெருவைக் கடந்தாக வேண்டும். அவளும் அவள் அம்மாவும் எதிர்த்தெருப் பெண்கள் இருவரும் முறைவைத்து, இரண்டு தெருப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்திக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டார்கள். சொந்தத் தெரு ஆண்களிடம் வாங்கிய ஏச்சு தனி. படிவத்தில் 'நிறுவனத்தின் பெயர், சேவை மணிநேரம், பொறுப்பாளர் கையொப்பம்' என்று மூன்று கட்டங்கள். அவள் அங்கே என்.எஸ்.எஸ். கணக்கை எழுதியிருந்தாள்: இரண்டு ஆண்டில் 240 மணிநேரம், 7 நாள் முகாம். முகாமில் மரக்கன்று நட்டிருக்கிறார்கள். "அந்தப் பஸ் விஷயத்தை ஏன்மா எழுதல?" என்றேன். "அதுக்கு யார் மேடம் கையெழுத்துப் போடுவா?" என்றாள். சரியான கேள்வி. தெருத் தலைவர்கள் போட்டிருக்க மாட்டார்கள்.

நம் மொழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'அமைதி' என்ற சொல் போரின்மையையும் குறிக்கிறது, வாய் திறக்காமல் இருப்பதையும் குறிக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் "அமைதியான பொண்ணு" என்று மெச்சும்போது போரைப் பற்றியா பேசுகிறார்கள்? தேர்வுக்குழுக்கள் பலவும் இந்த இரண்டாவது பொருளில்தான் படிக்கின்றனவோ என்று எனக்குச் சந்தேகம். முதியோர் இல்லம், இரத்ததானம், மரக்கன்று: இவற்றால் யாருக்கும் கோபம் வராது. கோபம் வராத சேவைக்குக் கையொப்பம் சுலபமாகக் கிடைக்கும்.

அமைதிப் பணியால் வரலாற்றில் நின்ற பெண்கள் எந்த உதவித்தொகையில் படித்தார்கள் என்று பார்த்தால் வேறு ஒரு சித்திரம் தெரிகிறது. எமிலி கிரீன் பால்ச் 1889-ல் பிரின் மாவர் கல்லூரியின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். அந்தக் கல்லூரியின் ஐரோப்பிய உதவித்தொகையை முதலில் பெற்றவரும் அவரே. அந்தப் பணத்தில் பாரிஸ் போய், ஏழைகளுக்கான அரசு உதவி எப்படி நடக்கிறது என்று படித்தார். அவர் எத்தனை மணிநேரம் சேவை செய்தார் என்பதற்காகக் கொடுத்த பணமல்ல அது, படிப்புக்காகக் கொடுத்தது. பிறகு வெல்லெஸ்லி கல்லூரியில் இருபது ஆண்டுக்கு மேல் பொருளியல் கற்பித்தார். முதல் உலகப் போரை எதிர்த்தார். விளைவு, 1919-ல் கல்லூரி நிர்வாகம் அவர் பணியை நீட்டிக்க மறுத்தது. அப்போது அவருக்கு வயது 52. அமைதிக்கான நோபல் பரிசு 1946-ல் வந்தது. 1919-ல் அவர் ஓர் அமைதி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தால், கடைசியாக வேலை பார்த்த இடத்தின் நற்சான்று என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்?

நமக்கு நெருங்கிய பெயர் ராஜனி திராணகம. காமன்வெல்த் உதவித்தொகையில் 1983-ல் இங்கிலாந்து போய் லிவர்பூலில் உடற்கூறியல் ஆராய்ச்சி செய்தார். அதுவும் படிப்புக்கான பணம்தான். அங்கேயே இருந்துவிட வாய்ப்பிருந்தும் யாழ்ப்பாணம் திரும்பி, பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறையை நடத்தினார். போரில் நிராதரவான பெண்களுக்கான பூரணி இல்லத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் குழுவிலும் இருந்தார். இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்டதை அவர்களிடமே கேட்டு எழுதினார். 'முறிந்த பனை'யில் அந்தப் பகுதி இருக்கிறது. அரசு, இந்தியப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள் என ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டு இறந்தார். வயது 35. ஆயுதம் வைத்திருந்த எந்தத் தரப்பும் கையொப்பம் போட்டிருக்காத சேவை அது. வாக்குமூலம் சொன்ன பெண்களோ தங்கள் பெயர் வெளியே வருவதற்கே பயந்திருப்பார்கள். அவர்களிடம் சான்றிதழ் கேட்க முடியுமா?

உதவித்தொகையே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. பணம் வேண்டும், அதுவும் பெண்களுக்கு நிறைய வேண்டும். படிவத்தை மாற்றுங்கள் என்கிறேன். நிறுவனத் தலைவரின் கடிதத்துக்குப் பதிலாக, உதவி பெற்ற இரண்டு பேர் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்கலாம். தாய்மொழியில் எழுதவிடலாம். பிள்ளை பார்த்துக்கொள்ளும் செலவையும் சேர்த்துக் கொடுக்கலாம். 'நீங்கள் செய்த சேவை என்ன?' என்ற கேள்விக்குக் கீழே இன்னொரு கட்டம் போடலாம்: 'அதைச் செய்யாதே என்று உங்களிடம் சொன்னவர்கள் யார்?' என் மாணவிக்கு அந்தக் கட்டத்தை நிரப்ப இடம் போதாது.