தொப்பி போட்ட மண்டையோடு

"சாவுக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான்." மெக்சிகோ அச்சுக்கலைஞர் ஹொசே குவாதலூப்பே பொசாதாவின் (1852-1913) எலும்புக்கூட்டுப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. மலிவுத்தாளில் அடித்துத் தெருவில் விற்ற படங்கள். ஆகவே மக்கள் கலை, சமத்துவக் கலை என்கிறார்கள். எனக்கும் சம்மதந்தான், பாதி வரைக்கும்.

அவற்றில் உலகமே அறிந்தது 'கத்ரீனா'. துத்தநாகத் தகட்டில் போட்ட படம். பல்லிளிக்கும் ஒரு மண்டையோடு, அதன் தலையில் பூவும் இறகும் வைத்த அகலமான ஐரோப்பியத் தொப்பி. பணக்காரச் சீமாட்டியைப் பகடி செய்கிறது என்று விளக்கம் கொடுக்கிறார்கள். ஆனால் பொசாதா செத்த பிறகு, அதே 1913இல் வானேகாஸ் அர்ரோயோ அச்சகம் வெளியிட்ட தாளில் இவள் சீமாட்டி இல்லை. கூடவே அச்சான பாட்டு இவளைக் 'கர்பான்செரா' என்கிறது. கொண்டைக்கடலை விற்கிறவள் என்று அர்த்தம். பூர்வகுடிப் பிறப்பை மறைத்து, பவுடர் பூசி, வெள்ளைக்காரிபோல மினுக்குகிறவள் என்று வசை. இவளுக்கு முழு உடம்பும் நீண்ட அங்கியும் கொடுத்துச் சீமாட்டி ஆக்கியது தியேகோ ரிவேரா. 1947இல் வரைந்த சுவரோவியத்தில்.

அப்படியானால் இந்த மண்டையோடு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? பண்ணையாரைப் பார்த்துச் சிரித்தால் பகடி. கடலைக்காரி தொப்பி போட்டதுக்குச் சிரிச்சா அதுக்குப் பேரு வேற. பிறப்பை மறைக்கிறாளே என்று குறை சொல்கிறவர்கள், மறைக்காமல் போனால் எந்த வாசல் அவளுக்குத் திறந்தது என்று கேட்பதில்லை.

நமக்கு இது பழகிய சிரிப்புதான். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மேல் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. பெண்கள் பூ வைக்கக்கூடாது. பூ வைக்கிறது அவ்வளவு பெரிய குத்தம்! தடை செல்லாத இடத்தில் அந்த வேலையைக் கிண்டல் பார்த்துக்கொள்கிறது: "மினுக்கிக்கிட்டுப் போறா பாரு."

பாட்டைவிடப் படம் மேல் என்பேன். அந்த இறகுகளைப் பொசாதா வெறுப்போடு கீறியதாகத் தெரியவில்லை. பாட்டை மறைத்துவிட்டுப் பார்த்தால் அவள் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.

ஆனால் சாவு எல்லாரையும் ஒன்றாக்குகிறது என்ற கதையை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பொசாதாவே ஏழையாகச் செத்தார். மெக்சிகோ நகரின் தொலோரெஸ் இடுகாட்டில் இலவசக் குழி. ஏழு வருசம் கழித்து, கேட்க ஆளில்லாமல், எலும்புகளைத் தோண்டிப் பொதுக்குழியில் போட்டார்கள். அங்கே பணம் பிரித்தது, இங்கே சாதி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியை மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்து மேலிருந்து கயிறு கட்டித்தான் கீழே இறக்கினார்கள்.