தென்கிழக்கு வானத்துப் பாட்டு

ஹைதராபாத்தில் பைக்கில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் ரேடியோவைக் கொண்டுபோனவருக்குத் தென்கிழக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். 2000-இல் ஏவப்பட்ட அதன் ஆசியாஸ்டார் செயற்கைக்கோள், 36,000 கி.மீ. உயரத்தில் அந்தத் திசையில்தான் நின்றது. ஓடும் வண்டியில் ஒவ்வொரு திருப்பமும் மரமும் மாடியும் பாட்டை அறுத்துவிடும். நெக்லஸ் ரோட்டில் ஓரங்கட்டி, ஹுசேன் சாகர் ஏரி மேல் விரிந்த வானத்துக்கு ஆன்டெனாவைத் திருப்ப வேண்டியிருந்தது. தெலுங்குக்கு ஸ்பந்தனா, கர்நாடக இசைக்கு ஸ்ருதி, தமிழுக்குக் கேஎல் ரேடியோ என்று தனித்தனிச் சேனல்கள்; சந்தா கட்டியவருக்குக் கரகரப்பில்லாத இசை விருந்து. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் அந்தச் சேவை நின்றுபோனது. வண்டியை நிறுத்திப் பாட்டுக் கேட்பதே நல்ல ரசனை; பாதுகாப்பும் அதுதான். இன்று இயர்போனோடு ஓட்டும் இளைஞர்களே, நிறுத்திக் கேளுங்கள்.